பசுமைக் குடிலும் சமவெளி வெயிலும்

வளமான நிலம் குறைந்த சிற்றூர்களுக்குப் பசுமைக் குடிலே கைகண்ட மருந்து என்ற பேச்சு பரவியுள்ளது. தேசியத் தோட்டக்கலை இயக்கம் 2005-06-இல் தொடங்கியது முதல் இதற்கு மானியமும் கிடைத்து வருகிறது. ஓசூர், தளி வட்டாரத்தில் குடில்களில் ரோஜாவும் குடமிளகாயும் நன்கு விளைகின்றன. அதே குடிலைச் சேலம், நாமக்கல் சமவெளியிலும் எழுப்பலாமா? இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

"கண்ணாடி வெயிலை உள்ளே விடும், அகச்சிவப்புக் கதிரை வெளியே விடாது, எனவே குடில் சூடாகிறது" என்றே மாணவர் பலரும் படிக்கின்றனர். இவ்விளக்கம் அரைகுறையானது. 1909-இல் அமெரிக்க அறிஞர் ஆர். டபிள்யூ. வுட் ஒரு பெட்டியைக் கண்ணாடியாலும், மற்றொன்றை அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காத இந்துப்புத் தகட்டாலும் மூடினார். கண்ணாடி வழியே வடிகட்டிய வெயில் இரண்டின்மீதும் விழுந்தது. இரண்டும் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசை எட்டின. வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை! சூடான காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அடைபடுவதே வெப்பத்திற்கு முதற்காரணம். (புவி வெப்பமாதல் வேறு, அங்கே வாயுக்கள் அகச்சிவப்புக் கதிரை ஏற்பதே காரணம்.)

ஆகவே, குடில் என்பது அடிப்படையில் காற்றைச் சிறைப்படுத்தும் கருவி. குளிர்மிகுந்த ஹாலந்துக்கு அது வரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலம், நாமக்கல் நகரங்களோ 300 மீட்டருக்கும் கீழே. இந்த உயர வேறுபாடு மட்டுமே சுமார் 4 டிகிரி வெப்பத்தைக் கூட்டும். கோடையில் வெளியிலேயே 38 டிகிரியைத் தாண்டும் இடத்தில், பாலித்தீன் கூரைக்குள் தக்காளிப் பூக்கள் காய்பிடிக்காமல் உதிரும்.

"விசிறியும் ஈரத்தட்டியும் வைத்துக் குளிர்விக்கலாமே?" என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். 1000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட் குடிலுக்குள் நண்பகலில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெப்பம் புகுவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் தேவை. எனவே, அவ்வெப்பம் முழுவதையும் நீராவியாக்கியே போக்க மணிக்கு 900 லிட்டர் நீர் வேண்டும்! ஆழ்குழாய்க் கிணறு வற்றும் ஊரில் இது நடக்குமா? மின்சாரம் நின்றால் பயிரின் கதி என்ன?

குடிலே கூடாது என்பது நம் வாதமன்று. தக்காளி, மிளகாய் இலைகள் உச்சி வெயில் முழுவதையும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துவதில்லை. எனவே, சமவெளிக்கு ஏற்றது காற்றோட்டமுள்ள நிழல்வலைக் குடில். அதற்கும் மானியம் உண்டு, செலவும் குறைவு. சரளை நிலமாயின், மக்கிய தென்னைநார்க் கழிவும் நாமக்கல்லில் மலிந்த கோழி எருவும் கலந்து மேட்டுப்பாத்தி அமைக்கலாம். பாலித்தீன் கூரை விரும்புவோர் உச்சியில் காற்றுவழி விட்டு, கூரைநீரைச் சேமிக்கட்டும்: 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 சதுர மீட்டர் கூரையில் 7 லட்சம் லிட்டர் விழும்.

குளிர்நாட்டின் வரைபடத்தை நம்பிக் கடன் வாங்குமுன், உழவர் தம் ஊரின் கோடை வெப்பத்தையும் கிணற்று நீரையும் அளந்தறிய வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பமானி எல்லாப் பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் உள்ளதே!