யார் வீட்டுப் பெண்?

எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறும்போதே போனில் சார்ஜ் இல்லை. பையில் இருந்தது தோழி வற்புறுத்திக் கொடுத்த ஒரு நாவல் மட்டும்தான்: கெவின் குவானின் ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’. காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் இன்னொரு பணக்காரக் கல்யாணக் கதையா என்று சலிப்போடுதான் பிரித்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விழுப்புரத்தில் வாங்கிய டீ ஆறிப்போனது. விருத்தாசலம் வருமுன் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஆச்சியை எழுப்பிவிட்டேன்.

பின்னே? முதல் காட்சி அப்படி. 1986, லண்டன், கொட்டும் மழை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகுட்டிகளோடு தெப்பலாக நனைந்து ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைகிறது. ஏன் நனைந்தார்கள்? ஒன்பது தெருவுக்கு டாக்சி பிடிப்பது பாவம் என்று பெரிய அத்தை சொல்லிவிட்டார். பிக்காடில்லி ஸ்டேஷனிலிருந்து எல்லோருக்கும் நடைதான். ஈரத்துணியோடு நிற்கும் சீன முகங்களைப் பார்த்த மேனேஜர், அறை இல்லை என்று கைவிரிக்கிறார். சைனாடவுன் பக்கம் போய்ப் பாருங்களேன் என்று உபதேசம் வேறு. அத்தை சண்டை போடவில்லை. ஊரில் இருக்கும் கணவருக்கு ஒரு போன் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் அந்த ஹோட்டலே அவர்களுடையது!

டாக்சிக்கு வராத மனசு ஹோட்டலுக்கு வந்துவிட்டது. பரம்பரைப் பணக்காரர்களை ஒரு தடவையாவது கிட்ட இருந்து பார்த்தவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்கவே முடியாது.

அந்த அத்தையின் தம்பி மகன்தான் நாயகன் நிக் யங். வளர்ந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். அங்கேயே பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ரேச்சல் சூ அவன் காதலி. அப்பாவைக் கண்ணால் பார்த்திராதவள், அம்மாவின் உழைப்பில் படித்து முன்னுக்கு வந்தவள். நண்பனின் கல்யாணத்துக்கு என் ஊருக்கு வாயேன் என்று கூப்பிடுகிறான். வீட்டின் வசதியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. மறைக்கிறான் என்றும் சொல்ல முடியாது, பணத்தைப் பற்றிப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமே இல்லை. ஆனால் இவள் வரப்போகும் சேதி விமானத்துக்கு முன்னாலேயே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நிக்கின் அம்மா எலனோர் பைபிள் வகுப்புத் தோழிகள் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அது அவர் காதில் விழுகிறது. உடனே எழும் கேள்வி, பெண் அழகா, படித்தவளா என்பதல்ல. எந்த சூ? தைப்பேயில் பிளாஸ்டிக் தொழிலில் கொழிக்கிற சூ குடும்பமா, வேறா?

இங்கேதான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பார்த்தேன். ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? இன்னார் உங்களுக்கு என்ன வேணும்?’ என்று நம் கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் நடக்கிற விசாரணையே அல்லவா இது!

நாவல் 2013இல் வந்தது. குவான் சிங்கப்பூரில் பிறந்து பதினோரு வயதில் அமெரிக்கா போனவர். அந்த ஊர் வாசகர்களுக்காக அடிக்குறிப்பு போட்டுக்கொண்டே போகிறார். ஹொக்கியன் வசவு, மலாய்ச் சொல், சாப்பாட்டுப் பெயர் எல்லாவற்றுக்கும் குறும்பான விளக்கம். அந்தக் குறிப்புகளைத் தவறவிடாதீர்கள், பாதிச் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று: அப்பாவின் அக்கா, அப்பாவின் அம்மா என்று அவர் பிரித்துச் சொல்லவேண்டிய இடங்களில் நமக்குக் குறிப்பே தேவையில்லை. அத்தை, அப்பத்தா. முடிந்தது. எந்தச் சொந்தத்துக்கு எவ்வளவு அதிகாரம் என்பதும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே நமக்குள் வந்துவிடுகிறது.

எனக்கு உயிரான இடம், நிக்கின் அப்பத்தாவின் மாளிகை டயர்சல் பார்க். ரேச்சலின் கல்லூரித் தோழி பெய்க் லின் வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. அப்பா கட்டுமானத் தொழிலில் சம்பாதித்தவர், எங்கே திரும்பினாலும் தங்க முலாம். அந்தக் குடும்பமே யங் என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லை. புதுப்பணம் கூரை ஏறிக் கூவுகிறது. பழம்பணம் மரத்துக்குப் பின்னால் கூர்க்கா காவலோடு சத்தமில்லாமல் இருக்கிறது. ரேச்சலோடு சேர்ந்து நாமும் வாய் பிளந்தபடி உள்ளே போகிறோம். அத்தனை பேரும் ராத்திரியில் எதற்காகக் கூடியிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு பூ பூப்பதைப் பார்க்க! தான் ஹுவா என்கிறார்கள். நம் வீட்டு மாடியில், உடைந்த பிளாஸ்டிக் வாளியில் வளர்கிறதே பிரம்ம கமலம், அதேதான். போன ஆடியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி, ‘மொட்டு விரியுது, வாங்க’ என்று தெருவையே கூப்பிட்டார். நைட்டியோடு போய் நின்றோம். கோடீஸ்வரர்களும் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது ஒரே வெள்ளைப் பூவை. காதல் கதைக்கு இதைவிட நல்ல பின்னணி யாருக்குத் தோன்றும்?

நிக்கின் அத்தை மகள் ஆஸ்ட்ரிட் இன்னொரு பொக்கிஷம். இங்கே தராசு தலைகீழ். பெண் பணக்காரி, கணவன் மைக்கேல் சாதாரண வீட்டுப் பையன். அவன் மனம் நோகக்கூடாதென்று வாங்கிய நகையையும் உடுப்பையும் ஒளித்து ஒளித்து வைக்கிறாள். ரேச்சல் கதையில் சிரித்துக்கொண்டே வந்தவள் இங்கே கொஞ்சம் மௌனமானேன். ஹாங்காங் மச்சான் எடி வந்து, பிள்ளைகளின் உடுப்புக்காக ஆட்டம் போட்டுத்தான் என்னைத் திரும்பச் சிரிக்கவைத்தான்.

குறையே இல்லையா? உண்டு. யார் எந்த டிசைனர் உடை போட்டிருந்தார்கள் என்ற பட்டியல் நீள்கிறது. டிவி விளம்பரம் மாதிரி தாண்டிவிட்டேன். 2018இல் வந்த படத்தைப் பார்த்தாச்சே என்பவர்களுக்கும் சொல்கிறேன், படியுங்கள். எலனோராக மிஷெல் யோ படத்தில் அசத்தியிருக்கிறார். ஆனால் அந்த மாஜாங் ஆட்டமும் விமானத்தில் மோதிரம் நீட்டுவதும் புத்தகத்தில் கிடையாது, முடிவு வேறு மாதிரி. பிடித்துப்போனால் 2015இலும் 2017இலும் வந்த அடுத்த இரண்டு பாகங்களும் காத்திருக்கின்றன.

தூக்கம் கலைந்த ஆச்சியிடம் வருகிறேன். “என்ன ஆத்தா, தன்னால சிரிக்கிறே?” என்றார். அரியலூர் வரை கதை சொன்னேன். டாக்சிக் கணக்கு அவருக்கு விநோதமாகவே படவில்லை. “காசு நிக்கிறது அப்படித்தானே?” என்றார். எலனோரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. “எங்க பக்கம் முதல்ல எந்தக் கோயில்னுதான் கேப்பாக” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அதுசரி, பையன் வீட்டைப் பத்தி இவ்வளவு சொன்னியே. அந்தப் பொண்ணோட அப்பா யாரு?”

எனக்குப் புல்லரித்துப்போனது. எலனோர் துப்பறிவாளரை வைத்துத் தேடியதும் அதைத்தானே! பதில் இருக்கும் பக்கத்துக்குத்தான் நான் இன்னும் வந்திருக்கவில்லை.

“இருங்க ஆச்சி, படிச்சுட்டுச் சொல்றேன்.”

“சீக்கிரம் படி. காரைக்குடி வந்துரப் போவுது.”