காலம் கடந்த காதலும் மறைக்கப்பட்ட உண்மையும்

காலப் பயணக் கதைகள் பயணியைப் பிறரினும் மிகுதியாக அறிந்தவனாகவே காட்டுவது வழக்கம். 1895இல் வெளிவந்த எச்.ஜி. வெல்ஸின் 'கால இயந்திரம்' நாவலின் நாயகன் தானே செய்த கருவியில் ஏறி எதிர்காலத்தைக் கண்டு மீள்கிறான். பிறர் அவன் சொல்வதைக் கேட்டிருக்கின்றனர். ஜெர்மானிய எழுத்தாளர் கெர்ஸ்டின் கீர், இளம் பருவத்தினருக்காக 2009, 2010ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று பாக நாவல் இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. 'மாணிக்கச் சிவப்பு' என்று தொடங்கும் அக்கதையில் காலத்தைக் கடப்பவளே எல்லோரினும் குறைவாக அறிந்தவள். இலேசான காதல் கதை என்று ஒதுக்கிவிடாமல் இந்நூலை நாம் பொருட்படுத்துவதற்கு இதுவே காரணம்.

கதாநாயகி குவெண்டலின் லண்டனில் பயிலும் பதினாறு வயதுப் பள்ளி மாணவி. அவளது குடும்பத்தில் சிலருக்குக் காலம் கடக்கும் ஆற்றல் பிறவியிலேயே வாய்க்கிறது. அது பெரியன்னை மகளான சார்லட்டுக்கே வாய்க்கும் என்று கருதி, வரலாறும் வாட்போரும் நடனமும் அவளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் ஆற்றல் வெளிப்படுவதோ எதுவும் கற்பிக்கப்படாத குவெண்டலினிடம். அவளைக் காக்கும் எண்ணத்தில் தாய் கிரேஸ் பிறந்த நாளை ஒரு நாள் மாற்றிப் பதிந்திருந்தாள். தன்னைப் பெற்றவர் வேறு இருவர் என்பதும் குவெண்டலினுக்கு மிகப் பின்னரே தெரிய வருகிறது.

மறைப்பு இத்துடன் நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் செயின்ட் ஜெர்மைன் பிரபு உருவாக்கிய இரகசிய சபை, அவளைப் பற்றிய முன்னறிவிப்புகளை அவளிடமிருந்தே ஒளிக்கிறது. உடன் பயணிக்கும் இளைஞன் கிடியோனோ, அவளைத் தன்மீது காதல் கொள்ளச் செய்யுமாறு பிரபுவால் பணிக்கப்பட்டவன். காதல் வயப்பட்ட பெண்ணை எளிதில் ஆட்டுவிக்கலாம் என்பது பிரபுவின் கணக்கு. அதன் இறுதி நோக்கம் இன்னும் கொடியது. பிறரால் கொல்ல முடியாத அவள், மனமுடைந்து தானே உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. கிடியோனும் இதை அறியான்.

தாயின் மறைப்பு அன்பினால் விளைந்தது. பிரபுவின் மறைப்பு ஆதிக்கத்தினால் விளைந்தது. இரண்டும் ஒன்றல்ல. எனினும் விளைவு ஒன்றே: ஆபத்தின் நடுவே அவள் ஆயத்தமின்றி நிற்கிறாள். ஒருவரைப் பற்றிய உண்மை அவருக்கே உரியது. பிறரிடம் அது அமானிதமாகவே இருக்க முடியும். நாவலின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பது நமது கருத்து.

அந்த ஆழத்தை ஆசிரியர் இறுதிவரை பேணினாரா? இல்லை என்றே கூற வேண்டியுள்ளது. வஞ்சனையில் தொடங்கிய நேசம் மெய்யான நேசமாக மாறக்கூடுமா என்னும் கேள்வியை எழுப்பியவர், விடை தேட அவகாசம் தரவில்லை. கிடியோன் உண்மையாகவே அவளை நேசிக்கத் தொடங்கிவிட்டான் என்பது தெரிந்ததும் கணக்கு தீர்ந்துவிடுகிறது. இழந்த நம்பிக்கை எவ்வாறு மீண்டது என்பது சொல்லப்படவில்லை. முடிவில் இருவருக்குமே சாவாமை வாய்ப்பது மேலும் பலவீனம். காலம் குறுகியது என்பதால்தான் மனிதர் அதைக் கடக்க ஏங்குகின்றனர். முடிவற்ற காலத்தை வழங்கிவிட்டால் அந்த ஏக்கத்திற்குப் பொருளேது?

இக்குறைகளுக்கிடையே ஒரு பாத்திரம் நம் மனத்தில் தங்குகிறது. அவள் குவெண்டலினின் தோழி லெஸ்லி. காலம் கடக்கும் ஆற்றல் அவளுக்கில்லை, வாளும் தெரியாது. சபையின் தடையை மீறிக் குவெண்டலின் அனைத்தையும் அவளிடம் சொல்கிறாள். அவளும் தான் தேடிக் கண்டவற்றை ஒளிக்காமல் பகிர்கிறாள். காதலைப் பற்றி எழுதப்பட்ட இந்நாவலில் நம்பிக்கைக்கு இலக்கணமாக நிற்பது காதலன் அல்லன், இத்தோழியே. இதை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, இளம் வாசகர்கள் கண்டுகொள்ள வேண்டிய செய்தி அது.