மலைக்கு டிக்கெட்

பொட்டிபுரம் என்றதும் உங்களுக்கு நியூட்ரினோ ஞாபகம் வரலாம். போடிக்குப் பக்கத்துக் கிராமம். அங்கே அம்பரப்பர் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை சம்மதித்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். 2022-ல் தமிழக அரசும் சுப்ரீம் கோர்ட்டில் வேண்டாம் என்றது. ஏன் மலைக்குள்? மற்ற கதிர்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து வெளியே போய்விடும்.

நமக்கு அந்தச் சலுகை இல்லை.

அதே போடி மலைகளில்தான் குரங்கணி. 2018 மார்ச் 11-ம் தேதி அங்கே காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. சரிதான். காய்ந்த புல்லுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது. 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகள். நல்ல காரியம். என் குறை கட்டணத்தில். பாதையைப் பொறுத்து சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. மென்பொருள் கம்பெனி இளைஞருக்கு அது ஒரு சனிக்கிழமைச் செலவு. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்ணுக்குப் பல நாள் கூலி. கையெல்லாம் மலை வாசனை. மலை மட்டும் ஜன்னலுக்கு வெளியே.

சென்னையிலும் இதே கதைதான். கதீட்ரல் ரோட்டில் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 என்று வைத்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் மரத்தடியில் உட்கார 300 ரூபாய். ஜிப்லைன் தனி.

இது பழைய சண்டை. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தைப் பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக வளைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் அத்துமீறி அதில் ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-ல் தேசியப் பூங்காக்களுக்குச் சட்டம் வந்தது. 2000-ல் அப்படிப்பட்ட நிலங்களில் காலாற நடப்பதே உரிமையாயிற்று.

நாம் அத்துமீற வேண்டாம். நம் காட்டில் தீ உண்டு, யானை உண்டு. எத்தனை பேர் போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கட்டும்; பர்ஸைப் பார்த்து வேண்டாம். மாதம் ஒரு நாள் அந்தந்த ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வழிகாட்டியோடு இலவசமாக அனுப்புங்கள். கம்ப்யூட்டர் பழகாதவருக்கு ஊரிலேயே ஒரு கவுன்ட்டர் வையுங்கள். சார், ஒரு தடவை கூட உள்ளே போகாதவனிடம் போய் காட்டைக் காப்பாற்று என்றால் எப்படிக் காப்பாற்றுவான்?

இல்லையென்றால் போடி மலைக்கு இலவசமாகப் போய்வருவது நியூட்ரினோ மட்டும்தான்.