வயிற்றோடு ஒரு வழக்கு

எடை குறைவது ஓரிடத்தில் நின்றுவிட்டால், இன்று குறைவாக, நாளை கூடுதலாக என்று கலோரியை மாற்றி மாற்றி உண்ணச் சொல்கிறார்கள். உடல் ஏமாந்துவிடுமாம். இந்த அறிவுரையை ஒரு பிரதியாக வாசிக்கையில் எனக்கு முதலில் எழும் கேள்வி: இது யாருடைய உடல்?

1944-45இல் மினசோட்டாவில் 36 பேரை அரைப்பட்டினியில் வைத்துச் சோதித்தார்கள். உணவு குறைந்ததும் உடல் தன் செலவையும் சுருக்கிக்கொண்டது. 36 பேரும் ஆண்கள். இரு வாரம் குறைத்து, இரு வாரம் போதுமான அளவு உண்டவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது என்று 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. அந்த 51 பேரும் ஆண்களே.

காரைக்குடிப் பெண்ணின் தட்டில் அளவு என்றைக்கு ஒரே மாதிரி இருந்தது? சஷ்டிக்குப் பட்டினி, பாரணைக்கு நிறைசோறு. விருந்தாளி வந்தால் சட்டியின் அடி. மிஞ்சிவிட்டால் நேற்றைய குழம்பும் அவளுக்கே. ஏற்ற இறக்கம் அவளுக்குப் புதிதல்ல. அதைத் தானே தீர்மானிப்பதுதான் புதிது.

'நல்வழி'யில் ஔவை வயிற்றோடு வழக்காடுகிறாள். விட்டுக்கொடுக்கவும் சேர்த்துவைக்கவும் தெரியாத வயிறு அது. ஔவை அதை ஏமாற்றப் பார்க்கவில்லை. அதனோடு வாழும் பாட்டைச் சொல்கிறாள். உடலின் அந்தப் பிடிவாதத்தைத் தோல்வி என்று நான் வாசிக்க மாட்டேன். பஞ்ச காலத்தில் உயிரைப் பிடித்துவைப்பதும் அதுதான்.

கலோரிப் பட்டியல் எழுதித் தருகிறவர்கள் முதலில் ஒன்று கேட்கட்டும்: வீட்டில் அவள் எத்தனையாவது ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள்?