இடம் பெயர்ந்த நடுகற்கள்

போரிற் பட்ட வீரர்க்குக் கல் நட்டு வழிபடும் மரபு தமிழகத்தில் மிகத் தொன்மையானது என்பது புறநானூறு பயின்றார் அனைவரும் அறிந்ததே. அம்மரபின் எச்சங்களாகிய கற்கள் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மிகுதியாக வெளிப்பட்டுள்ளன. செங்கம் வட்டாரத்துக் கற்களின் வாசகங்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-ஆம் ஆண்டில் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய கற்கள் மூன்றனைக் கண்டறிந்தனர். இங்ஙனம் மீட்கப்பெற்ற நடுகற்களுட் பல இன்று அகழ்வைப்பகங்களில் நிற்கின்றன. மீட்டமை பெரும்பணியே, அதில் ஐயமில்லை. ஆயின், மீட்ட கல்லை எங்கு, எவ்வாறு மீண்டும் நிறுத்துதல் தகும் என்னும் வினா இன்னும் உரியவாறு ஆராயப்படவில்லை. இலக்கியச் சான்று கொண்டு அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் நடுகல்லைக் காட்சி முதலாக வாழ்த்தல் ஈறாக ஆறு துறைகளாக வகுத்து வெட்சித்திணையில் வைத்தார். கல்லைக் காண்டலும், கொணர்தலும், நீராட்டலும், நடுதலும், படையலிடுதலும், வாழ்த்துதலும் என அவை முறையே அமையும். இவற்றுள் நடுதல் நான்காவது என்பதும், அதன்பின்னும் இரண்டு துறைகள் உள என்பதும் ஊன்றி நோக்கற்பாலன. கல்லை நட்ட அளவில் நடுகல் நிறைவுறுவதில்லை; ஊரார் படைத்தும் வாழ்த்தியும் போற்றும்போதே அது நிறைவெய்துகிறது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனப் பெயர் பெற்றமையும் இவ்வுண்மையை வலியுறுத்தும். எனவே, நடுகல் ஒரு பொருள் மட்டும் அன்று. தொடர்ந்து நிகழும் ஒரு செயல் என்க. மண்ணுள் புதைந்த கல் மட்டுமே இழந்த கல் எனக் கொள்ளுதல் குறையுடைத்து. வாழ்த்துவார் அற்ற கல்லும் இழந்த கல்லே.

இனி, இடத்தைப் பற்றிச் சான்றோர் செய்யுட்கள் கூறுவன காண்போம். செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்க்கு வழி கூறுமிடத்து, வழிகள் கவர்க்கும் இடங்களில் புகழுடை மறவர்க்கு நட்ட கற்கள் பல உள என்கிறது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். பாட்டில் நடுகல் வழியின் ஒரு பகுதியாக நிற்கிறது. புறநானூற்று 263-ஆம் பாட்டு அவ்வழிச் செல்வானைக் கல்லைத் தொழாது கடவற்க என வேண்டுகிறது. அகநானூற்றுப் பாலைப் பாட்டுக்கள் சில, எழுத்து மாய்ந்தமையால் வழிச்செல்வார் படிக்கவியலாத கற்களைக் காட்டுகின்றன. ஆகவே, கல் அழியும், எழுத்துத் தேயும், பெயர் மறையும் என்னும் அச்சம் நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர்க்கே இருந்தது. அவ்வச்சத்திற்கு இடையே அவர்கள் நம்பியது வழிச்செல்வானை. அவன் நின்று, படித்து, தொழுது செல்லும் வரை பட்டவன் பெயர் நிலைக்கும் என்பது அவர்தம் கொள்கை.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டிலிருந்து பாட்டுத் தாளுக்கு வந்தது. ஏடு இருந்த வீடு எதுவாயினும் பாட்டின் பொருள் மாறுவதில்லை. நடுகல் அத்தன்மைத்து அன்று. இவ்வூர் ஆநிரைக்காக இவ்விடத்தே இவன் பட்டான் என்பதே அதன் செய்தி. ஊரும் இடமும் அகன்றால் செய்தியின் பாதி அகலும். எழுத்தைப் படியெடுத்து நூலில் அச்சிட்டால் வாசகம் காக்கப்படும். அவ்விடத்தின் பொருள் காக்கப்படுவதில்லை. கல்லைக் காப்போர் ஏட்டைக் காப்போரின் நெறியையே பின்பற்றுவராயின் இக்குறை நேர்தல் ஒருதலை.

இரண்டாவது குறை, காட்சிக்கு வைக்கும் முறைபற்றியது. கற்களை அரசர் காலமுறையில் நிரல்பட நிறுத்தி, ‘பல்லவர் கால வீரக்கல்’ என்றாற்போல ஒரு வரி எழுதும் வழக்கத்தை எண்ணுக. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அக்கல்வெட்டு மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைக் குறித்துத் தொடங்குகிறது. ஆனால் கல் அரசனுடையதன்று. தன் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்பானுக்கு உரியது. அவனொடு நின்று கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் உளது. நாயின் உருவமும் பொறிக்கப்பட்டுளது. அரசன் பெயர் ஆண்டைக் கணக்கிடும் கருவியாகவே வந்தது. வரலாற்றாசிரியனுக்கு அக்கருவி முதன்மையாகலாம். கல்லை நட்ட ஊரார்க்கோ மறவனும் நாயுமே முதன்மை. அரசன் பெயரைத் தலைப்பாக்கி மறவன் பெயரை விடுவோமாயின், கல்லை மீட்டும் அவனை மீண்டும் இழந்தோராவோம்.

புலிமான்கோம்பைக் கல் இதனை மேலும் தெளிவாக்கும். கூடலூர் ஆகோளில் பட்ட பேடு என்னும் ஊரினனாகிய தீயன் அந்தவனுக்கு உரியது அது என்பர் ஆய்வோர். அதில் அரசன் பெயர் இல்லை; ஆண்டு இல்லை; உருவமும் இல்லை. உள்ளவை ஆள், ஊர், நிகழ்ச்சி என்னும் மூன்றே. தொல்காப்பியம் வெட்சித் துறையாக ஓதும் ஆகோள் என்னும் சொல் அக்கல்லிலேயே வருதல் இலக்கணத்திற்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் அரிய சான்று. அரசமரபு வழியே நடுகற்களை வகுப்போர்க்கு இத்தகைய கல்லை வைக்க இடமில்லை. ஆள், ஊர், நிகழ்ச்சி என்னும் மூன்றன் வழியே வகுப்பின் எக்கல்லும் தன் இடம் பெறும்.

அங்ஙனமாயின் எல்லாக் கற்களையும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுதல் தக்கதோ எனின், அதுவும் பொருந்தாது. வயலைத் திருத்துங்கால் பெயர்க்கப்பட்டும், சாலை அகலப்படுத்துங்கால் ஒதுக்கப்பட்டும், துணி துவைக்கும் கல்லாகப் பயன்பட்டும் அழிவனவற்றை எடுத்துக் காத்தலே அறம். தருமபுரி அகழ்வைப்பகம் போல்வன இல்லையாயின் பல கற்கள் இன்று இரா. ஔவையார் அதியமான் நடுகல்லைக் கையற்றுப் பாடியதும் இத்தகடூர் நாட்டுத் தலைவனையே என்பது நினையத்தகும். எனினும், செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றன. அங்கே பெரும்படையும் வாழ்த்தலும் அறவில்லை. மறவன் பெயரை ஊரார் மறந்திருக்கலாம். எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கலாம். அதனை ஏதுவாகக் காட்டிக் கல்லைப் பெயர்த்தல், எழுத்தைக் காத்து நடுகல்லை அழித்தலாய் முடியும். அவ்விடத்து நாம் செய்யத்தக்கது, எழுத்தைப் படித்து அம்மறவன் பெயரை அவ்வூரார்க்கே மீட்டுக் கொடுத்தலாகும்.

இதுகாறும் கூறியவாற்றான் பெறப்படுவன மூன்று. வழிபாட்டிலுள்ள கல்லை இடம் பெயர்த்தல் ஆகாது. இடம் பெயர்க்க நேர்ந்த கல்லுக்கு அது நின்ற இடம், நோக்கிய திசை, அருகிருந்த வழியும் நீர்நிலையும் ஆகியவற்றைப் பெயர்க்கும் முன்னரே எழுதிவைத்தலும், பழைய இடத்தில் வாசகத்தின் படி ஒன்றை நிறுத்துதலும் வேண்டும். அகழ்வைப்பகத்துப் பலகையில் பட்டவன் பெயரும் ஊரும் முன்னும், அரசன் பெயர் பின்னும் நிற்றல் வேண்டும். இவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. நடுகல் யாருடையது என்னும் தெளிவே வேண்டுவது. பாலை வழியில் எழுத்தைக் கூட்டிப் படிக்க முயன்ற வழிச்செல்வானின் கடமை இன்று ஆராய்ச்சியாளன்பால் வந்துளது. அவன் படித்துப் பெயர் கூறுமளவில் அமையாது, பிறரும் நின்று படிக்கும் வழியில் அக்கல்லை நிறுத்துவானாக.