கிளவுடில் டேட்டாபேஸ் ஃபைல்: நகல் வைக்கலாம், மூலத்தை வைக்கலாமா?

கல்வெட்டு, ஊர்ப்பெயர், பழைய பத்திரம், குடும்ப வரலாறு என்று எதையாவது வருஷக்கணக்காகத் தொகுக்கிறவர்கள் எல்லோரிடமும் கடைசியில் ஒரு ஃபைல் இருக்கும். சிலரிடம் ஆக்ஸஸ், சிலரிடம் எஸ்க்யூலைட், நிறைய பேரிடம் எக்செல். "கிளவுட்ல போட்டுடுங்க, எங்கிருந்தும் திருத்தலாம்" என்பதுதான் இப்போது எல்லோரும் தரும் யோசனை. இதில் பாதி சரி, பாதி ஆபத்து.

முதலில் சரியான பாதி. கடலூரில் உட்கார்ந்துகொண்டு கிளவுட் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம். மஞ்சக்குப்பத்துக்குத் தெற்கே கெடிலம், வடக்கே பெண்ணையாறு, கிழக்கே கடல். லேப்டாப்பும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே வீட்டு பீரோவில் இருந்தால் தண்ணீருக்கு அது ஒரே நகல்தான். ஊருக்கு வெளியே ஒரு நகல் இருந்தே ஆகணும்.

சிக்கல் "திருத்தலாம்" என்பதில்தான் இருக்கிறது.

ஃபைலும் அதன் வாலும்

டேட்டாபேஸ் ஃபைல், கடிதம் மாதிரி இல்லை. உள்ளே பக்கம் பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு வரியைத் திருத்தினால் அந்தப் பக்கம் மட்டும் மாறும். பாதி எழுதும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? அதற்காகவே எஸ்க்யூலைட், பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஃபைலை வைத்துக்கொள்கிறது. ஒரு வகையில் அதன் பெயர் "ஜர்னல்" என்று முடியும், இன்னொரு வகையில் "வால்" என்று முடியும். நம்ம ஊர் வால் மாதிரியே நினைத்துக்கொள்ளுங்கள்: உடம்பும் வாலும் சேர்ந்தால்தான் டேட்டாபேஸ் முழுசு.

டிராப்பாக்ஸ், கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் எதுக்கும் இந்த உறவு தெரியாது. அவற்றுக்கு இவை இரண்டு தனித்தனி ஃபைல்கள். எது எப்போது மாறுகிறதோ அதை அப்போது மேலே ஏற்றும். அடுத்த கம்ப்யூட்டருக்குப் புது உடம்பும் பழைய வாலும் வந்து சேரலாம். கடைசியாகப் போட்ட பதிவுகள் காணாமல் போகும், இல்லையென்றால் ஃபைலே கெடும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஃபைலை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று எஸ்க்யூலைட்காரர்களே தனிப் பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது நகல் எடுப்பதும், வாலைப் பிரிப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் இன்னும் மோசம். டிராப்பாக்ஸ் சண்டை போடாமல் இரண்டு பிரதி வைத்துவிடும். கட்டுரை என்றால் கண்ணால் ஒப்பிட்டுச் சேர்க்கலாம். மூவாயிரம் வரி உள்ள இரண்டு டேட்டாபேஸை யார் உட்கார்ந்து ஒப்பிடுவது?

வாடகை வீடு

அப்படியானால் ஃபைலே வேண்டாம், நேராக ஆன்லைன் சேவையிலேயே வைத்துவிடலாமே? கூகுள் ஃப்யூஷன் டேபிள்ஸ் 2009-ல் வந்தது. ஊர்ப் பட்டியலை ஏற்றினால் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும். ஆய்வு செய்கிறவர்களுக்கு அருமையான கருவி, அதில் சந்தேகமில்லை. 2019 டிசம்பர் 3-ஆம் தேதி மூடிவிட்டார்கள். சுமார் ஒரு வருஷ அவகாசம் கொடுத்தார்கள், டேட்டாவை எடுத்துக்கொள்ள வழியும் இருந்தது. ஆனால் அதை நம்பிப் பக்கங்களில் ஒட்டிய வரைபடங்கள் நின்றுபோயின. மைக்ரோசாஃப்டும் ஆக்ஸஸ் வெப் ஆப் என்று 2013-ல் கொண்டுவந்து 2018-ல் நிறுத்தியது. வேடிக்கை என்னவென்றால், 2003-ல் செய்த சாதாரண ஆக்ஸஸ் ஃபைலை இன்றைக்கும் திறக்கலாம். சேவைதான் போனது, ஃபைல் நின்றது.

கூகுள் ஷீட்ஸ் எளிமையான பட்டியலுக்குப் போதும், பல பேர் சேர்ந்து திருத்தவும் அதுதான் வசதி. ஆனால் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கே உள்ள ஒரு வியாதியைக் கவனிக்கணும். கல்வெட்டு ஆண்டறிக்கை எண்ணை 114/1902 என்று எக்செலில் அடித்தால் அப்படியே நிற்கும். 11/1902 என்று அடித்தால் நவம்பர் 1902 என்று தேதியாக்கிவிடும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் உள்ள எண்கள் மட்டும் சத்தமில்லாமல் மாறும். மற்றதெல்லாம் சரியாக இருப்பதால் யாரும் பார்க்கவே மாட்டார்கள். கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும்.

தமிழுக்கென்று ஒரு தொல்லை

ஃபைல் பத்திரமாக இருந்தாலும் எழுத்து தப்பிக்கணுமே! தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் செய்த தமிழ் டேட்டாபேஸ்களில் நிறைய, டிஸ்கி, டாம், பாமினி மாதிரி குறிமுறைகளில் இருக்கின்றன. கிளவுட் அதை ஒரு பிட் மாறாமல் காப்பாற்றும். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அதைத் தெரிந்தவர் உயிரோடு, ஞாபகத்தோடு இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பழையதை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

என்ன செய்யலாம்?

என் கணக்கு இது. மூலம் ஒரே கம்ப்யூட்டரில், சிங்க் ஆகாத ஃபோல்டரில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் புரோகிராமை மூடுங்கள். எஸ்க்யூலைட் என்றால் அதன் பேக்கப் கட்டளையால் ஒரு சுத்தமான நகல் எடுத்து, பெயரில் தேதி போட்டு, கிளவுடுக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை எல்லா டேபிளையும் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகவும் எடுத்து, எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்து வையுங்கள். பல பேர் திருத்தத்தான் வேணும் என்றால் போஸ்ட்கிரெஸ் மாதிரி உண்மையான சர்வருக்குப் போகணும். அது முடியாதென்றால் ஒருவர் மட்டும் மூலத்தைத் தொடட்டும், மற்றவர்கள் ஃபார்மில் நிரப்பி அனுப்பட்டும்.

நொபோரு கராஷிமா, சுப்பராயலு, மாட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்த மூன்று பெரிய தொகுதிகள் 1978-ல் மதுரையில் அச்சாயின. இன்றைக்கும் யாரும் எடுத்துப் புரட்டலாம். நம்ம ஃபைலுக்கும் அதே கேள்விதான்: நாம இல்லாதபோது, பாஸ்வேர்ட் தெரியாத ஒருவர், நாற்பது வருஷம் கழித்துப் படிக்க முடியுமா? இந்த வாரம் கிளவுடில் இருக்கும் உங்கள் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் உங்களிடம் பேக்கப் இல்லை.