யானைகள் முன்னறிந்தனவா?

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த சுனாமி, இலங்கையின் தென்கிழக்கே உள்ள யால தேசியப் பூங்காவையும் தாக்கியது. மனிதர் பலர் மாண்டனர். விலங்குகளின் உடல்களோ அரிதாகவே காணப்பட்டன. உடனே, ‘யானைகள் முன்கூட்டியே அறிந்து மேட்டு நிலத்திற்கு ஓடிவிட்டன’ என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இன்றும் பலர் இதை ஐயமற்ற உண்மையாகவே எடுத்துக் கூறுகின்றனர். வாசகர்களே, இக்கூற்றைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

சுமத்ரா அருகே நிலநடுக்கம் தோன்றிய இடம் யாலவிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நிலநடுக்கத்தின் முதன்மை அலைகள் பூமிக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்வன. வகுத்துப் பாருங்கள்: 200 வினாடி. அதாவது நான்கு நிமிடத்திற்குள் அதிர்வு இலங்கையை எட்டிவிடும். கடலலை வந்து சேரவோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. யானை நம் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும். தரையின் அதிர்வைப் பாதங்களால் உணரும். ஆகவே அந்த அதிர்வை அது உணர்ந்திருக்கலாம். ஆனால், ‘இதன்பின் கடல் பொங்கும்’ என்று அதற்கு யார் சொன்னது? உணர்தல் வேறு, அதன் பொருளை அறிதல் வேறு.

சரி, சான்று உண்டா? அன்று யாலவில் இரண்டு யானைகளின் கழுத்தில், செயற்கைக்கோள் வழியாக இருப்பிடம் காட்டும் பட்டைகள் இருந்தன. பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் அப்பதிவுகளை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். அலை வருமுன் அவை தப்பி ஓடியதற்கான அடையாளம் ஏதும் அவற்றில் இல்லை. இரண்டு யானைகள் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆனால் எதிர்த்தரப்பில் இருப்பவை பின்னர் நினைவுகூர்ந்து சொன்ன செய்திகள். சாதாரண நாளில் யானை பிளிறினால் யாரும் குறித்து வைப்பதில்லை அல்லவா? உடல்கள் கிடைக்காததும் சான்றாகாது. அலையின் இரைச்சல் கேட்ட பிறகு விலங்குகள் ஓடியிருக்கலாம். அவ்வேளையில் கரையில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

விலங்குகளின் புலன்களை ஆராய வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அந்த இரண்டு மணி நேரம் மனிதர்க்கும் கிடைத்திருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அன்று சுனாமி எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஐதராபாத் மையம் செயல்படத் தொடங்கியது 2007-இல்தான். யானையின் கதை இக்குறையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கடற்கரையில் நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, எந்த விலங்கு ஓடுகிறது என்று பார்த்து நிற்காதீர்கள். உடனே மேட்டிற்குச் செல்லுங்கள்.